சேவலைச் சுடு, பெட்டையை விடு

1976-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வெர்னன் மாவட்டத்தின் குன்றுப் பகுதியில் 29 காட்டு வான்கோழிகள் திறந்துவிடப்பட்டன. அவை மிசௌரி மாநிலத்தில் பிடிபட்டவை. விலையாகப் பணம் கைமாறவில்லை. விஸ்கான்சின் தன் காடுகளில் பிடித்த கிரௌஸ் என்ற பறவைகளைப் பதிலுக்குக் கொடுத்தது. இரண்டு அரசுகளுக்கிடையே நடந்த பண்டமாற்று அது. விஸ்கான்சினில் கடைசிக் காட்டு வான்கோழி 1881 வாக்கில் மறைந்திருந்தது. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் அந்தக் கூவல் கேட்காமல் கிடந்த குன்றுகள் அவை. திறந்துவிட்ட ஏழாம் ஆண்டே, 1983-இல், வசந்தகால வேட்டைக்கு அனுமதி கிடைத்தது. இன்று ஒரு வசந்தத்தில் அந்த மாநிலத்தில் சுடப்படும் வான்கோழிகள் ஏறத்தாழ 40,000. அப்படியும் இனம் அங்கே நிலைத்து நிற்கிறது.

இந்தியாவின் 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தோடு வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு இடறும். சுட்டால் குறையும், சுடாவிட்டால் பெருகும் என்பதுதானே வழக்கமான அறிவு? வான்கோழியையும் வெண்வால் மானையும் சேர்த்துப் பார்த்தால் அந்த அறிவு எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று பிடிபடும். அமெரிக்கக் கிராமப்புறத்தில் இவை இரண்டும் ஒரே தோட்டத்தில், ஒரே ஓக் மரத்தடியில் இரை தேடுபவை. இரண்டின் மீட்சிக்கும் துணைநின்றது ஒரே விதி: ஆணைச் சுடலாம், பெண்ணைத் தொடக்கூடாது. அந்த விதி வான்கோழிக்கு நன்மை செய்தது. மான் விஷயத்தில் அது காட்டையே தின்றுவிட்டது.

முதலில் வான்கோழி. ஐரோப்பியர் வந்தபோது இந்தப் பறவை பிற்காலத்தில் 39 மாநிலங்கள் ஆன நிலப்பரப்பில் வாழ்ந்தது. 1920 வாக்கில் அவற்றில் 18 மாநிலங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. காட்டை வெட்டி வயலாக்கினார்கள். மிஞ்சிய காட்டில் சந்தைக்காக ஆண்டு முழுவதும் சுட்டார்கள். பிறகு வருத்தப்பட்ட மாநில அரசுகள், அன்றைக்கு யாருக்கும் முதலில் தோன்றக்கூடிய வழியைப் பிடித்தன. பண்ணையில் முட்டை பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்து, காட்டில் விடுவது. மிசௌரியில் ஆயிரக்கணக்கில் விட்டார்கள். பென்சில்வேனியா இதற்கென்றே ஒரு பண்ணையைப் பல பத்தாண்டுகள் நடத்தியது. விட்ட பறவைகள் நரிக்கும் ஆந்தைக்கும் பனிக்கும் இரையாயின. சில, பக்கத்துக் களத்துமேட்டில் கோழிகளோடு சேர்ந்து தானியம் பொறுக்கப் போய்விட்டன.

ஏன் என்பதை மிசௌரியின் ஓசார்க் மலைகளில் உட்கார்ந்து ஆராய்ந்தவர் ஸ்டார்க்கர் லியோபோல்ட் என்ற இளைஞர். 1944-இல் வெளியான அவருடைய கட்டுரை காட்டுத்தன்மை பரம்பரையாக வருவது என்று காட்டியது. காட்டுப் பறவைக்கும் பண்ணை இரத்தம் கலந்த பறவைக்கும் மூளையின் எடை, பிட்யூட்டரி, அட்ரீனல் சுரப்பிகளின் எடை ஆகியவற்றை ஒப்பிட்டார். உடல் எடையோடு வைத்துப் பார்த்தால் காட்டுப் பறவைக்கு இவை எல்லாமே பெரியவை. நடத்தையிலும் வித்தியாசம். தாய் ஆபத்துக் குரல் கொடுத்தால் காட்டுக் குஞ்சுகள் இருந்த இடத்திலேயே உறைந்துவிடும். கலப்புக் குஞ்சுகள் சிதறி ஓடும், பருந்தின் கண்ணில் படும். பண்ணைக்காரன் பல தலைமுறைகளாகப் பொறுக்கி எடுத்தது அமைதியான பறவையை. அந்த அமைதியைக் கொண்டுபோய்க் காட்டில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. ஆனாலும் பண்ணைகளை மூட இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. அறிவியல் முடிவும் அரசுத் துறையும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை.

அப்படியானால் காட்டுப் பறவையையே பிடித்து இடம் மாற்ற வேண்டும். அதைப் பிடிப்பதுதான் பாடு. வான்கோழியின் பார்வை மனிதப் பார்வையைவிடக் கூர்மையானது. நிறங்களையும் நம்மைவிட நன்றாகப் பிரித்தறியும். பழைய பொறிகளுக்குள் சில பறவைகள்தான் நுழைந்தன. தீர்வு வாத்துப் பிடிப்பவர்களிடமிருந்து வந்தது. நீர்ப்பறவைகளைப் பிடிக்கச் செய்யப்பட்ட பீரங்கி வலை அது. சிறு பீரங்கிகளின் குண்டுகளில் வலையின் விளிம்பைக் கட்டி, மடித்து, இலைதழையால் மறைத்துவிடுவார்கள். முன்னால் சோளம் தூவியிருக்கும். பறவைகள் தலையைக் குனிந்து பொறுக்கும் நொடியில் வெடிப்பு. அண்ணாந்து பார்ப்பதற்குள் வலை மேலே விழுந்திருக்கும். 1951-இல் தென் கரோலினாவின் பிரான்சிஸ் மரியன் தேசியக் காட்டில் இதை வான்கோழிக்குப் பயன்படுத்தினார்கள். இந்த ஒரு கருவி இல்லையென்றால் மீட்சியே இல்லை என்று துணிந்து சொல்லலாம். மிசௌரி 1950-களில் இப்படித் தன் மாநிலத்துக்குள்ளேயே பறவைகளை மாற்றி நட்டது. 1960-இல் அங்கே நடந்த முதல் வசந்த வேட்டையில் சுடப்பட்டவை வெறும் 94. பின்னர் மிசௌரியே மற்ற மாநிலங்களுக்குப் பறவை கொடுக்கும் நாற்றங்கால் ஆகிவிட்டது.

வெர்னன் மாவட்டத்துக்கு வந்த 29 பறவைகள் உயிரியலாளர்களுக்கு இன்னொரு பாடமும் கற்றுக்கொடுத்தன. பல்லாயிரம் ஏக்கர் தொடர்ச்சியான காடு இல்லாமல் வான்கோழி பிழைக்காது என்பது அக்காலத்து நம்பிக்கை. இங்கோ, மலைமுகட்டில் ஓக் காடு, சரிவில் மேய்ச்சல் நிலம், பள்ளத்தில் மக்காச்சோளமும் வைக்கோல் வயலும். பனியுகத்துப் பனிப்பாளங்கள் தேய்த்துச் சமமாக்காமல் விட்டுப்போன, மடிப்பு மடிப்பான நிலம். பால்பண்ணைக்காரர்கள் குளிர்காலத்தில் சாணத்தை வயலில் பரப்புவார்கள். அதில் செரிக்காத சோளமணி இருக்கும். எங்கும் பனி மூடிய சனவரியில் வான்கோழிக்குக் கிடைத்த சோறு அது. பெருங்காட்டில் கிடைக்காதது இந்தத் துண்டு நிலத்தில் கிடைத்தது. காடும் வயலும் மேய்ச்சலும் அடுத்தடுத்து, ஒரு பறவையின் நாள்நடைக்குள்.

ஸ்டார்க்கரின் தந்தை ஆல்டோ லியோபோல்ட் 1933-இல் எழுதிய ‘கேம் மேனேஜ்மென்ட்’ என்ற நூல் இந்த விளிம்புகளைப் பற்றித்தான் பேசியது. இரண்டு வகை நிலங்கள் சந்திக்கும் ஓரத்தில் வேட்டை விலங்குகள் அதிகம் இருக்கும் என்பது அவருடைய கவனிப்பு. கோடரி, ஏர், மாடு, தீ, துப்பாக்கி என எவற்றால் காட்டுயிர் அழிந்ததோ அவற்றாலேயே அதை மீட்கலாம் என்பது அந்நூலின் துணிச்சலான வாதம். இந்த ஐந்தில் நாம் துப்பாக்கியை முதலில் எடுத்துக்கொள்வோம்.

வான்கோழி வேட்டையின் நடப்பு இது. வசந்தத்தில் விடியும் முன்பே சேவல் தான் இரவு அடைந்த மரக்கிளையிலிருந்து கூவத் தொடங்கும். இயற்கையின் ஏற்பாட்டில் பெட்டைதான் அந்தக் குரலைத் தேடிப் போக வேண்டும். வேட்டைக்காரர் மரத்தடியில் முழுக்க இலைநிறத் துணி போர்த்தி உட்கார்ந்து, சிறு மரப்பெட்டியை உரசியோ, நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் இடையே வைத்த சவ்வை ஊதியோ, பெட்டையின் குரலை எழுப்புவார். வரவேண்டியது பெட்டை, சேவலை வரவழைக்கிறார். அதனால்தான் கிழச் சேவல்கள் சந்தேகப்பட்டுத் தொலைவிலேயே நின்று கூவும். சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்களில் எதையும் உடுத்தக்கூடாது என்பது பாலபாடம். கூவும் சேவலின் தலை நிறங்கள் அவை. இன்னொரு வேட்டைக்காரர் தவறாகச் சுட்டுவிடுவார்.

ஏன் சேவல் மட்டும்? ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும்; அடைகாப்பதிலும் குஞ்சு வளர்ப்பதிலும் அதற்குப் பங்கே இல்லை. பெட்டையின் உடலில் விந்தைச் சேமித்துவைக்கும் நுண்குழாய்கள் உண்டு. ஒருமுறை சேர்ந்தால் வாரக்கணக்கில் இடும் முட்டைகள் கருவுறும். நாளுக்கு ஒன்றாகப் பத்து, பன்னிரண்டு முட்டை இட்டு, தரையிலேயே 28 நாள் அடைகாப்பாள். பெட்டைகள் பெரும்பாலும் அடையில் உட்கார்ந்த பிறகு சேவலை எடுத்தால் அடுத்த ஆண்டின் குஞ்சுக் கணக்கில் ஒன்றும் குறையாது. வேட்டைப் பருவத்தின் தொடக்க நாளை இந்த உயிரியல்தான் குறிக்கிறது. குறைந்தபட்சம், குறிக்க வேண்டும்.

இனி மான். இதே தர்க்கம்தான் இங்கேயும். ஓர் ஆண் மான் பல பெண் மான்களோடு சேரும், கன்றை வளர்க்காது. 1900 வாக்கில் அமெரிக்காவில் மிஞ்சிய வெண்வால் மான்கள் சில லட்சங்களே. அந்த நிலையில் பெண்ணைத் தொடாதே என்பது சரியான சட்டம். விஸ்கான்சின் 1915-இல் கொம்புள்ள ஆணை மட்டும் சுடலாம் என்று விதித்தது. ஓநாயும் மலைச்சிங்கமும் அதற்குள் பெரும்பாலும் ஒழிக்கப்பட்டிருந்தன. வெட்டி எரிந்த வடகாடுகளில் இளந்தளிர் தலைமட்டத்தில் முளைத்துக் கிடந்தது. மானுக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது.

அது எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பதற்கு மிச்சிகனில் ஒரு கணக்கு இருக்கிறது. ஜார்ஜ் ரிசர்வ் என்ற, ஏறத்தாழ 1,150 ஏக்கர் வேலியிட்ட நிலம். 1928-இல் அதற்குள் நான்கு பெண், இரண்டு ஆண், மொத்தம் ஆறு மான்களை விட்டார்கள். ஆறாவது குளிர்காலத்தில் ஆட்களை வரிசையாக நடக்கவிட்டு எண்ணியபோது 160 தேறின. பெண் மான் ஒன்றரை வயதில் கருவுறும். நல்ல தீனி கிடைத்தால் இரட்டைக் கன்று. இதில் எத்தனை ஆண்களைக் கழித்தாலும் தாய்களின் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது. கன்றும் அப்படியே பிறக்கிறது. ஆண் மானைச் சுடுவது வேட்டை. மான் எண்ணிக்கையை அது கட்டுப்படுத்தாது.

வான்கோழிக்கும் இதே கணக்குதானே என்று கேட்கலாம். இல்லை. தரையில் கூடு கட்டும் வான்கோழியின் முட்டையை ரக்கூனும் ஸ்கங்க்கும் காக்கையும் பாம்பும் தின்கின்றன. பெரும்பாலான கூடுகள் பொரிப்பதே இல்லை. பொரித்த குஞ்சுகளிலும் மழைக் குளிரிலும் பருந்திலும் தப்புபவை சொற்பம். அதன் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த மற்றவர்கள் இருக்கிறார்கள். வளர்ந்த மானுக்கு, ஓநாய் போன பிறகு, மிஞ்சியது பனி, பட்டினி, கார், துப்பாக்கி.

1940-களின் தொடக்கத்தில் விஸ்கான்சின் வடக்கே பட்டினி முதலில் வந்தது. கடும்பனியில் மான்கள் ஒதுங்கும் சீடர் காடுகளில், அவை கழுத்தை நீட்டி எட்டும் உயரம் வரை பச்சையே இல்லை. அதற்கு மேலே அளந்து வெட்டியதுபோல ஒரு கோடு. ஆல்டோ லியோபோல்ட் அப்போது மாநிலப் பாதுகாப்பு ஆணையத்தின் உறுப்பினர். 1935-இல் ஜெர்மனிக்குப் போய், தீவனம் போட்டே வளர்க்கப்பட்ட மான்களையும் அடித்தளிர் இல்லாத அங்குள்ள காடுகளையும் பார்த்தவர். பெண் மான்களையும் சுட வேண்டும் என்று வாதாடினார். 1943-இல் பெண் மான்களுக்கும் பருவம் திறக்கப்பட்டது. மொத்தம் சுமார் 1,28,000 மான்கள் விழுந்தன. மக்கள் கொதித்தார்கள். ‘43-இன் குற்றம்’ என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். தாயைக் கொல்லாதே என்று ஒரு தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்த அரசே இன்று கொல் என்கிறது. கிராமத்தார் எப்படி ஏற்பார்கள்? அவர்களைக் குறை சொல்வது எளிது. விதியைச் சொன்னவர்கள் அதன் காரணத்தைச் சொல்லவில்லை என்பதுதான் என் எண்ணம். காரணம் தெரியாத விதி, காலம் மாறினாலும் மாறாது. 1948-இல், பக்கத்து நிலத்தில் பற்றிய புல்தீயை அணைக்கப் போன இடத்தில் லியோபோல்ட் மாரடைப்பால் இறந்தார். பெண் மானைச் சுடலாமா என்ற வாதம் இன்னும் முடியவில்லை.

மான் என்ன தின்றது என்பதைக் கண்டுபிடித்தவர்கள் தாவரவியலாளர்கள். 1950-களில் விஸ்கான்சின் காடுகளில் செடி செடியாக எண்ணிவைத்த பதிவுகள் இருந்தன. அதே இடங்களுக்கு ஐம்பது ஆண்டு கழித்துத் திரும்பிப் போனார்கள். வடபகுதிக் காடுகளில் ஓரிடத்துத் தாவர இனங்கள் சராசரியாக 18 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தன. குறைவு மிகுதியாக இருந்தது எங்கே? வேட்டைக்கு இடமில்லாத பூங்காக்களில். பாதுகாப்பு மிகுந்த இடத்தில் இழப்பும் மிகுதி. ட்ரில்லியம் போன்ற பூச்செடிகளும் ஹெம்லாக் மரக்கன்றுகளும் யூ புதர்களும் மானுக்குப் பிடித்தவை. மான் தொடாத புல்லும் பெரணியும் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இதே மாநிலத்தில் மெனாமினி பழங்குடியினரின் நிலத்தில் மரக்கன்றுகள் அடர்ந்து முளைக்கின்றன. அவர்கள் மரத்தையும் வெட்டுகிறார்கள், மானையும் வேட்டையாடுகிறார்கள்.

இங்கே வான்கோழி மறுபடி கதைக்குள் வருகிறது. இலையுதிர்காலத்தில் அதற்கும் மானுக்கும் முக்கியத் தீனி ஓக் கொட்டை. இன்று கொட்டை உதிர்க்கும் மரங்கள் பழைய காலத்தில் முளைத்தவை. இப்போது முளைக்கும் ஓக் கன்றின் நுனியை மான் கடித்துக்கொண்டே இருந்தால் அடுத்த நூற்றாண்டில் யாருக்கும் கொட்டை கிடையாது. பெட்டை வான்கோழிக்காகவும் பெண் மானைச் சுட வேண்டியிருக்கிறது.

இதைச் செய்ய வேண்டியவர் யார் என்ற கேள்வியில்தான் அமெரிக்க ஏற்பாட்டின் விசித்திரம் இருக்கிறது. நிலம் விவசாயியுடையது; அதில் மேயும் மான் மக்களுடையது, மாநிலம் அதன் காவலர். மானை வளர்ப்பது விவசாயியின் சோளம். ஆனால் வேட்டையாடிய மானின் இறைச்சியை அவர் விற்கக்கூடாது. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் 11 சதவீத வரி, 1937-இன் பிட்மன்–ராபர்ட்சன் சட்டத்தின்படி மாநிலங்களின் காட்டுயிர்ப் பணிக்குப் போகிறது. வான்கோழிகளை இடம் மாற்றிய செலவில் பெரும்பங்கு இதுவும் உரிமக் கட்டணமும்தான். ஆனால் நிலத்தைத் திருத்தும் வேலை நில உரிமையாளர் தலையில்.

அவர் செய்யக்கூடியவற்றில் கடைகள் உரக்க விற்பது தீனிப்பாத்தி: காட்டோரத்தில் ஓர் ஏக்கர் உழுது க்ளோவரோ முள்ளங்கியோ விதைப்பது. மானை நிற்கவைத்துச் சுட அது உதவும். நிலத்தைத் திருத்தும் வேலையில் அதற்குப் பங்கு குறைவு. கோடரிக்கு மதிப்பு அதிகம். நெருக்கமான காட்டில் உதவாத மரங்களை வெட்டித் தரையில் வெயில் விழவைத்தால் தளிர் தானே எழும், ஓக் கன்றுக்கும் ஒளி கிடைக்கும். அடுத்தது தீ. வசந்தத் தொடக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு நிலத்தை எரித்து, அடுத்த ஆண்டு அடுத்த பங்கு என்று சுழற்ற வேண்டும். ஒரே ஆண்டில் முழுவதையும் எரித்தால் கூடு கட்ட மறைவு இருக்காது. ஜார்ஜியா, புளோரிடா எல்லையில் காடைகளை ஆராய்ந்த ஹெர்பர்ட் ஸ்டோடர்ட், தீயைக் காட்டின் எதிரியாக அரசு பிரச்சாரம் செய்துகொண்டிருந்த 1931-லேயே இதைத் துணிந்து எழுதினார்.

தீ என்ன செய்கிறது என்று அறிய, தலையைக் குஞ்சின் உயரத்துக்கு இறக்க வேண்டும். பிறந்து சில நாளான குஞ்சுக்குப் புரதம் பூச்சியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். பூச்சி பிடிக்க அது நடக்க வேண்டும். எரிந்து முளைத்த நிலத்தில் அகன்ற இலைச் செடிகள் முழங்கால் உயரத்தில் குடைபிடிக்கும், அடியில் வெறுமண். குஞ்சு கீழே ஓடும், பருந்துக்குத் தெரியாது, தாய் மட்டும் தலையை நீட்டிக் காவல் பார்ப்பாள். இதற்கு நேர் எதிர், மேய்ச்சலுக்கென்று நாடெங்கும் விதைக்கப்பட்ட டால் ஃபெஸ்க்யூ புல். பார்க்கப் பசுமை, குஞ்சுக்கு அது நுழைய முடியாத சுவர். பசுமையாக இருக்கிறதே என்று உரிமையாளர் மகிழ்ந்துகொண்டிருப்பார். முதல் இரண்டு வாரம், பறந்து மரத்தில் அடையும் வரை, குஞ்சின் பிழைப்பு அந்தத் தரைமட்டத்தில்தான் தீர்மானமாகிறது.

மானின் பக்கத்தில் விஸ்கான்சின் இன்னொரு முறை முயன்றது. 1996 முதல் சில பகுதிகளில், கொம்பில்லாத மான் ஒன்றைச் சுட்டுக் காட்டினால்தான் ஆண் மானைச் சுடலாம் என்றது. எண்ணிக்கை குறைந்தது, வேட்டைக்காரர்களின் வெறுப்பு ஏறியது. 2011-இல் சட்டமன்றம் அந்த விதியையே தடைசெய்துவிட்டது. இதற்கிடையில் 2002-இல் அந்த மாநிலத்தில் மான்களின் உருக்கி நோய் கண்டுபிடிக்கப்பட்டது. பிரியான் என்ற தவறாக மடிந்த புரதம் மூளையைத் துளைக்கும், மருந்தில்லை, மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மான்கள் நெருங்கி மேயுமிடங்களில், குறிப்பாகத் தீனி கொட்டும் இடங்களில், அது எளிதாகப் பரவுகிறது. தெற்கு விஸ்கான்சினின் சில பகுதிகளில் வளர்ந்த ஆண் மான்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் நோயுற்றவை. நவம்பரின் ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவத்தில் ஆரஞ்சு உடுப்போடு காட்டுக்குள் போகும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களில் (மானுக்கு ஆரஞ்சு தெரியாது, மற்ற வேட்டைக்காரர்களுக்குத் தெரியும்) பலருக்கு இன்னும் கொம்புதான் குறி.

வான்கோழி விதியையும் இப்போது கேள்வி கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாகத் தென்கிழக்கு மாநிலங்களிலும், நாற்றங்காலாக இருந்த மிசௌரியிலும் ஒரு பெட்டைக்கு வளரும் குஞ்சுகள் குறைந்துவருகின்றன. பருவத்தைச் சீக்கிரம் திறப்பதால், பெட்டைகளோடு சேருவதற்கு முன்பே வலிய சேவல்கள் விழுந்துவிடுகின்றனவோ என்று சிலர் ஐயப்பட்டார்கள். டென்னசியின் தென்பகுதியில் சில மாவட்டங்களில் பருவத்தை இரண்டு வாரம் தள்ளிவைத்து, பெட்டைகளுக்கு இடங்காட்டும் அலைபரப்பி மாட்டி, பக்கத்து மாவட்டங்களோடு ஒப்பிட்டார்கள். கூடு கட்டிய பெட்டைகளின் விகிதமோ, பொரித்த கூடுகளின் விகிதமோ மாறவில்லை. சேவல் எப்போது விழுந்தது என்பதைவிட, குஞ்சு நடக்கும் தரை எப்படி இருக்கிறது என்பதன் பக்கம் ஆய்வாளர்களின் கவனம் திரும்பிக்கொண்டிருக்கிறது.